சுதந்திரா கட்சியை ராமநாதபுரம் கரையோரத்தில் தேடுவது எப்படி

காங்கிரஸ் அரசின் பொருளாதாரக் கட்டுப்பாடுகளை எதிர்த்து ராஜாஜி 1959-இல் தொடங்கிய சுதந்திரா கட்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சென்னையோடும் பம்பாயோடும் நின்றுவிடுகிறார்கள். தொண்டி, தேவிபட்டினம், திருவாடானைப் பக்கம் அந்தக் கட்சியின் நட்சத்திரச் சின்னம் எப்படி வேர்விட்டது, எப்படி மறைந்தது என்று ஊர் வரலாறு எழுத நினைப்பவர்களுக்கான வழி இது.

முதலில் ஒரு நீளமான ரூல் நோட்டு எடுத்து எட்டு பத்தி (நெடுவரிசை) போடுங்கள்: ஆண்டு, தொகுதி, வேட்பாளர், கட்சி, கூட்டணி, பெற்ற வாக்கு, பதிவான வாக்கு, இரண்டாம் இடம். 1957, 1962, 1967, 1971, 1977 ஆகிய ஐந்து சட்டமன்றத் தேர்தல்கள் போதும். தேர்தல் ஆணைய இணையதளத்தில் இவற்றின் புள்ளிவிவர அறிக்கைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. 1957-ஐ விட்டுவிடக் கூடாது. அந்த ஆண்டே காங்கிரஸிலிருந்து ராஜாஜி விலகிவிட்டார். பின்னால் நட்சத்திரத்தில் நின்ற சிலர் அப்போது சுயேச்சைகளாக நின்றார்கள்.

பலரும் தடுக்கி விழும் இடம் எண்ணிக்கைதான். சென்னை மாநிலச் சட்டமன்றத்தில் கட்சிக்கு 1962-இல் 6 இடம், 1967-இல் 20 இடம். இதை மட்டும் பார்த்து "மூன்று மடங்கு வளர்ந்தது" என்று எழுதிவிடாதீர்கள். வாக்கு விகிதம் 7.82-லிருந்து 5.30 சதவீதத்துக்கு இறங்கியிருக்கிறது. சரி, அப்படியானால் தேய்ந்துவிட்டதா? அதுவும் முழு உண்மையில்லை. போட்டியிட்ட இடங்களால் வகுத்துப் பாருங்கள். 1962-இல் 94 இடங்களில் நின்று சுமார் 9.9 லட்சம் வாக்கு, அதாவது வேட்பாளர் ஒருவருக்குச் சராசரி 10,500. 1967-இல் 27 இடங்களில் மட்டும் நின்று சுமார் 8.1 லட்சம், சராசரி 30,000. இந்த ஏற்றத்தில் தி.மு.க. கூட்டணி வாக்கு பெரும்பங்கு. கூட்டணிப் பத்தியை நிரப்பாமல் யாருடைய வாக்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. எங்கள் கணிப்பில் 1967 கட்சியின் உச்சமல்ல. இரவல் பலத்தில் நின்ற ஆண்டு.

அடுத்து, கட்சியை விட்டுவிட்டு ஆளைப் பின்தொடருங்கள். திருவாடானையில் கரியமாணிக்கம் அம்பலம் 1957-இல் சுயேச்சையாக வென்றார், 1962, 1967-இல் சுதந்திரா, 1977-இல் காங்கிரஸ். அவர் மகன் கே.ஆர். ராமசாமி 1996-இல் அதே தொகுதியில், காங்கிரஸிலிருந்து பிரிந்த தமிழ் மாநில காங்கிரஸ் சார்பில் வென்றார். கட்சி வருவதற்கு முன்பே அங்கே செல்வாக்கு இருந்தது. கட்சி கலைந்த பிறகும் இருந்தது. இந்தக் கரையில் சுதந்திராவின் எழுச்சிக்கும் தேய்வுக்கும் இதைவிடத் தெளிவான சாட்சி கிடைப்பது அரிது. 1962-இல் முத்துராமலிங்கத் தேவரின் பார்வர்டு பிளாக் கட்சியும் சுதந்திராவோடு கூட்டணி வைத்திருந்ததால், முதுகுளத்தூர்ப் பக்கம் சுதந்திரா பெயரை மட்டும் தேடினால் பாதிக்கதைதான் கிடைக்கும்.

மாவட்ட எல்லையில் கவனம் வேண்டும். 1985 மார்ச் வரை சிவகங்கையும் விருதுநகரும் ராமநாதபுரம் மாவட்டம்தான். பழைய ஆவணத்தில் "ராமநாதபுரம் மாவட்டம்" என்று கண்டால் அது சிவகாசிச் செய்தியாகவும் இருக்கலாம். 1967-க்கு முன் தொகுதிகளும் 206-லிருந்து 234-ஆக மறுவரையறை ஆயின. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே அழிந்ததால் அந்தப் பக்கத்து வாக்குகளை 1962-ஓடு ஒப்பிட வேண்டாம். கட்சிப் பெயரும் ஏமாற்றும்: 1967-இல் ராமநாதபுரம் மக்களவை உறுப்பினரான எஸ்.எம். முகமது ஷெரீப் முஸ்லிம் லீக்காரர், தேர்தல் ஆணையப் பட்டியலில் சுயேச்சை.

பெரியவர்களிடம் பேசப் போகும்போது வயதைக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். அன்று வாக்குரிமை 21 வயதில்தான். 1962-இல் வாக்களித்தவர் 1941-க்குள் பிறந்திருக்க வேண்டும். "ஏன் போட்டீர்கள்?" என்று கேட்டால் இன்றைய கருத்துதான் பதிலாக வரும். "ஓட்டுக் கேட்டு யார் வந்தது? கார் யாருடையது? பூத்தில் யார் உட்கார்ந்தது?" என்று கேளுங்கள். கண்மாய்ப் பாசன விவசாயிகளிடம், கட்சி எதிர்த்த 1959 நாக்பூர் காங்கிரஸின் கூட்டுறவுப் பண்ணைத் தீர்மானத்தையும், 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) வரம்பு வைத்த 1961 நில உச்சவரம்புச் சட்டத்தையும் நினைவூட்டுங்கள். கீழக்கரை, தொண்டி வியாபாரிகளிடம் ராஜாஜி சாடிய பர்மிட், லைசென்ஸ் முறை (தொழிலுக்கும் வியாபாரத்துக்கும் அரசு அனுமதி வாங்க வேண்டிய நிலை) பற்றிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் அதையும் எழுதி வையுங்கள். கட்சியின் பேச்சு கரைவரை எட்டவில்லை என்பதற்கு அதுவும் ஒரு தடயம்.

தேய்வுக்கு ஒரே காரணம் தேடாதீர்கள். ஆண்டு வாரியாக அடுக்குங்கள். 1969-இல் காங்கிரஸ் பிளந்ததும், இந்திரா காந்தியின் எதிர்ப்பாளர்களுக்குக் காமராஜரின் ஸ்தாபன காங்கிரஸ் இன்னொரு வீடானது. அதே ஆண்டு கம்பெனிகள் கட்சிகளுக்கு நன்கொடை தரத் தடை வந்தது. 1971-இல் தி.மு.க.வை விட்டு காமராஜரோடு சேர்ந்து நின்றபோது மாநிலத்தில் மிஞ்சியது 6 இடம். மக்களவையில் நாடு முழுக்க 1967-இல் பெற்ற 44 இடம் 8 ஆனது. 1972 டிசம்பர் 25-இல் ராஜாஜி மறைந்தார். 1974-இல் கட்சி சரண் சிங்கின் பாரதிய லோக் தளத்தில் கரைந்தது. ஒவ்வொரு தேதிக்கும் எதிரே உங்கள் தொகுதிக்காரர் அப்போது எந்த மேடையில் நின்றார் என்று எழுதுங்கள். அந்த ஒரு பத்தியை நிரப்பத்தான் மற்ற எல்லா உழைப்பும்.