டிரக் கேம்பரில் நாயோடு மலை ஏரிகளுக்கு: நாங்கள் செய்த, நீங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் கலிபோர்னியாவில், பிஷப் ஊரில் ஐஸும் ரொட்டியும் வாங்க வண்டியை நிறுத்தியபோது காலை பத்தரை மணி. வெளியே காற்று இதமாகத்தான் இருந்தது. எங்கள் நாய் மணியைக் கேம்பருக்குள் (பிக்கப் வண்டியின் முதுகில் ஏற்றும் குட்டி வீடு) விட்டு, கூரை ஜன்னலைத் திறந்து வைத்து, கிண்ணம் நிறையத் தண்ணீரும் ஊற்றிவிட்டுத்தான் போனோம். கடையில் கூட்டம். முக்கால் மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தால், மேடை மேல் இருந்த வெண்ணெய் உருகித் தாளுக்கு வெளியே வழிந்திருந்தது. மணி சின்க்குக்குக் கீழே தரையோடு தரையாகக் கிடந்தான். சாவிச் சத்தம் கேட்டாலே குதிப்பவன், அன்று எழுந்திருக்கவில்லை. வாலை மட்டும் ஒருமுறை தூக்கிப் போட்டான்.

நிழலில் படுக்க வைத்து, வயிற்றிலும் தொடை இடுக்கிலும் தண்ணீர் ஊற்றி, அட்டையால் விசிறி, அரை மணி நேரத்தில் தேறினான். உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டியிருக்க வேண்டும். காட்டாதது அன்றைய இரண்டாவது தவறு. வெப்பத்தாக்கு வந்த நாய் வெளிப்பார்வைக்குத் தேறினாலும், சிறுநீரகம் போன்ற உள்ளுறுப்புகள் கெட்டிருப்பது ஓரிரு நாள் கழித்துத்தான் தெரியவரும்.

கேம்பரில் கட்டில் இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, திரைச்சீலை போட்ட ஜன்னல் இருக்கிறது. அதனால் அதை வீடு என்றே மனசு நம்பிவிடுகிறது. வீட்டில் விட்டுப் போவது போலவே நாயை அதில் விட்டுப் போகிறோம். வெயிலில் நிறுத்திவிட்டால் அது சக்கரம் வைத்த தகர டப்பாதான். வெளியே 21 டிகிரி செல்சியஸ் இருக்கும்போது மூடிய காருக்குள் அரை மணி நேரத்தில் 40 டிகிரி ஆகிவிடும் என்று அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம் எச்சரிக்கிறது. ஜன்னலை இரண்டு விரற்கடை இறக்கி வைப்பதால் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. கேம்பர் கொஞ்சம் மெதுவாகச் சூடாகலாம், ஆனால் சூடானால் லேசில் ஆறாது. ஏசி இருக்கிறதே என்பீர்கள். ஜெனரேட்டரோ கரண்ட் இணைப்போ இருந்தால்தான் அது ஓடும். நீங்கள் இல்லாத நேரத்தில் ஜெனரேட்டர் நின்றுபோனால் நாய் யாரிடம் சொல்லும்? கலிபோர்னியாவில் இப்படி விலங்கை ஆபத்தான சூட்டில் விட்டுச் செல்வது குற்றம். கண் முன்னே உயிர் போகும் நிலையில் ஒரு பிராணியைப் பார்ப்பவர், வேறு வழியில்லை என்றால், போலீசுக்குச் சொல்லிவிட்டுக் கண்ணாடியை உடைக்கலாம் என்ற சட்டமும் 2017 முதல் இருக்கிறது. இப்போதெல்லாம் கடைக்கு ஒருவர் போனால் ஒருவர் நாயோடு நிழலில் நிற்கிறோம். தனியாகப் போகிறவர் பிஷப்பைக் காலை எட்டு மணிக்குள் கடந்துவிட வேண்டும். 4,150 அடி உயரத்தில் இருந்தாலும் ஜூலை மாதம் அங்கே 37 டிகிரி சர்வசாதாரணம்.

ஓடும் வண்டியிலும் நாயைக் கேம்பரில் ஏற்றாதீர்கள். வளைவில் ஃப்ரிட்ஜ் கதவு திறந்துகொள்ளும், அலமாரியிலிருந்து டப்பா விழும், உள்ளே என்ன நடக்கிறது என்று ஓட்டுகிறவருக்குத் தெரியாது. பின் சீட்டில், உடல்பட்டையோடு சீட் பெல்ட்டில் கட்டி உட்கார வைப்பதே சரி.

எந்தப் பக்கத்தில் நாய்க்கு அனுமதி?

கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைக்குக் கிழக்கே 395-ஆம் நெடுஞ்சாலை ஓடுகிறது. அதிலிருந்து மேற்கே பிரியும் ஒவ்வொரு சிறு சாலையும் ஓர் ஏரியில் போய் முடியும் என்றே சொல்லலாம்: சவுத் லேக், சப்ரீனா, கான்விக்ட், ஜூன் லேக், வர்ஜீனியா லேக்ஸ். (கான்விக்ட் ஏரிக்கு அந்தப் பெயர் வந்தது, 1871-இல் கார்சன் சிட்டி சிறையிலிருந்து தப்பிய கைதிகள் அந்தப் பக்கம் வந்து ஒளிந்ததால்.) நாய் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பக்கம்தான் சொர்க்கம். ஆனால் முதல்முறை போகிறவர்கள் திட்டத்தை யோசெமிட்டியைச் சுற்றியே போடுகிறார்கள்.

யோசெமிட்டி தேசியப் பூங்கா. அங்கே கிட்டத்தட்ட எந்த மலைப்பாதையிலும் நாய்க்கு அனுமதி கிடையாது. பூங்காப் பேருந்திலும் கிடையாது. தார்ச் சாலை, சாலையோர நடைபாதை, பெரும்பாலான முகாம்கள், இவ்வளவுதான், அதுவும் 6 அடிக்கு மேற்படாத லீஷ் கயிற்றில். பூங்காவுக்குள் டையோகா சாலையோரம் இருக்கும் துவாலமி புல்வெளியை நாய் காரிலிருந்து வேடிக்கை பார்க்கலாம். அதே சாலையில் கிழக்கே ஏறி 9,943 அடி உயர டையோகா கணவாயைத் தாண்டினால் பூங்கா முடிந்து இன்யோ தேசிய வனம் தொடங்குகிறது. வாசலுக்கு வெளியே வந்ததுமே டையோகா ஏரி, அடுத்து எல்லரி ஏரி. தேசிய வனத்தின் பெரும்பாலான பாதைகளில் நாய் நடக்கலாம். நூறடி தூரத்தில் சட்டமே மாறிவிடுகிறது.

இதில் ஒரு பொறி உண்டு. வனத்தில் தொடங்கும் பாதை பூங்காவில் போய் முடியலாம். சவுத் லேக்கிலிருந்து பிஷப் கணவாய்க்கு ஏறும் பாதை நாய்களுக்குப் பிரமாதம். ஆனால் கிட்டத்தட்ட 12,000 அடியில், கணவாயின் உச்சியிலேயே, கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்காவின் எல்லை. நாயோடு அந்தப் பக்கம் இறங்க முடியாது. காட்டுச் செம்மறி வாழும் சில பகுதிகளிலும் நாய்க்குத் தடை. கிளம்புமுன் ரேஞ்சர் அலுவலகத்தில் பாதையின் பெயரைச் சொல்லிக் கேட்டுவிட்டால் தொல்லையில்லை.

எடை

கேம்பரை வாடகைக்குக் கொடுத்தவர், “அரை டன் வண்டியே தாங்கும் சார்” என்றார். நம்பினோம். அரை டன், முக்கால் டன் என்பதெல்லாம் பிக்கப் வண்டிகளின் பழைய பட்டப்பெயர்கள், அவற்றை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இவ்வளவுக்கு மேல் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். எங்கள் பிக்கப்பில் 680 கிலோ. விளம்பரத் தாளில் கேம்பரின் எடை 900 கிலோ, அதுவும் வெறும் எடை. 30 காலன் தொட்டியை நிரப்பினால் தண்ணீர் மட்டும் 113 கிலோ. நிறைந்த கேஸ் சிலிண்டர் ஒவ்வொன்றும் 17 கிலோ. பேட்டரி, அரிசி, பாத்திரம், இரண்டு பேர், முப்பது கிலோ மணி. சேர்த்துப் பாருங்கள். அந்த முதல் பயணத்தில் நாங்கள் மலையிலிருந்து முழுசாக இறங்கியது எங்கள் திறமையால் அல்ல. அடுத்த ஆண்டு பெரிய வண்டி எடுத்தோம். எல்லாம் ஏற்றிய பிறகு, லாரிகள் நிற்கும் பெட்ரோல் நிலையத்தில் இருக்கும் எடை மேடையில் நிறுத்தி நிறுத்துப் பார்த்தோம்.

கேம்பரின் பக்கவாட்டில் அதன் எடை மையத்துக்கு ஒரு குறி இருக்கும். அது பின் அச்சுக்கு முன்னால் விழ வேண்டும். பின்னால் தள்ளிப்போனால் முன் சக்கரம் லேசாகி, ஸ்டியரிங் பிடிமானம் போய்விடும். கேம்பரைப் பிடித்திருக்கும் இழுப்புக் கம்பிகளை முதல் 50 மைலில் ஒருமுறை நிறுத்தி மறுபடி முறுக்குங்கள். ஓடும்போது தளர்வது அவற்றின் சுபாவம். உயரத்தையும் அளந்து, ஓட்டுகிறவர் கண்ணில் படும் இடத்தில் ஒட்டி வையுங்கள். ஏரிச் சாலைகளில் பைன் கிளைகள் கூரையைத் தடவிப் பார்க்கும்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் பயம். டையோகா கணவாயிலிருந்து லீ வைனிங் ஊர் வரை 12 மைலில் 3,000 அடிக்கு மேல் இறக்கம். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் கருகிய வாடை வரும், அப்புறம் பிரேக்கே பிடிக்காது. உச்சியிலேயே கியரைக் குறைத்து எஞ்சின் பிடியில் இறங்குங்கள். வடக்கே சொனோரா கணவாய் வழி சுருக்கம்போலத் தெரியும். 26 சதவீதச் சரிவு உள்ள சாலை அது, கேம்பரோடு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள்.

டையோகா சாலையும் கோடை முழுக்கத் திறந்திருக்கும் என்று நினைக்க வேண்டாம். வழக்கமாக மே கடைசிக்கும் ஜூலை தொடக்கத்துக்கும் நடுவில் திறப்பார்கள். பனி கொட்டித் தீர்த்த 2023-இல் ஜூலை 22-ஆம் தேதிதான் திறந்தார்கள்.

முதல் நாள்

சான் பிரான்சிஸ்கோ பக்கம் கடல் மட்டத்தில் காபி குடித்துவிட்டுக் கிளம்பி, சாயங்காலமே ராக் கிரீக் சாலையின் முடிவில் 10,200 அடி உயரத்தில் மஸ்கீட்டோ ஃபிளாட்டில் நிற்கலாம். பெயரே கொசுத்திடல், பொய்யில்லை. (இதயப் புழு கொசுவால்தான் பரவுகிறது. மாத மருந்து தவறாமல் கொடுங்கள்.) அங்கிருந்து லிட்டில் லேக்ஸ் பள்ளத்தாக்கு அவ்வளவு அழகு, உடனே நடக்கத் தோன்றும். நடக்காதீர்கள். நமக்குத் தலைவலி வந்தால் சொல்லிவிடுவோம். நாய் சோர்வை மறைத்துக்கொண்டு நம் பின்னாலேயே வரும். முதல் இரவு 7,000, 8,000 அடியில் தங்கி, தண்ணீர் நிறையக் கொடுத்து, மறுநாள் மேலே போவது நல்லது. கிரானைட் பாறை உப்புத்தாள் மாதிரி. வீட்டுக் கம்பளத்தில் நடந்து பழகிய பாதம் இரண்டாம் நாளே தேய்ந்து சிவந்துவிடும். நாய்க் காலுறையை ஊரிலேயே போட்டுப் பழக்குங்கள், மலையில் போய்ப் போட்டால் சர்க்கஸ் குதிரைபோலக் காலைத் தூக்கித் தூக்கி வைக்கும்.

உயரத்தில் ஃப்ரிட்ஜும் மக்கர் பண்ணும். கேஸில் ஓடும் வகைக்கு 5,500 அடிக்கு மேல் சுடர் சரியாக நிற்காமல் போகலாம். நாய்க்குச் சமைத்த கோழியை மட்டும் நம்பிப் போகாமல் உலர்தீனி கொஞ்சம் கையில் இருக்கட்டும். அந்தத் தீனிக் கிண்ணத்தை ராத்திரி வெளியே விடாதீர்கள், கரடிக்கு நாய்த்தீனி விருந்து. முகாமில் இரும்புப் பெட்டி இருந்தால் அதற்குள் வைத்துப் பூட்டுங்கள். துணிச் சுவர் கொண்ட மடக்குக் கேம்பர் கரடிக்கு ஒரு பொருட்டே இல்லை.

தண்ணீர்

ஏரியைக் கண்டதும் நாய் பாயும். பாயட்டும், ஆனால் முதலில் நீங்கள் போய்த் தண்ணீரைப் பாருங்கள். மேலே உள்ளவை பனி உருகிய ஏரிகள். ஜூலையிலும் பத்து நிமிட நீச்சலில் சின்ன நாய் விறைத்து நடுங்கும். துண்டும் வெயிலும் தயாராக இருக்க வேண்டும். ஓடை ஏரியில் விழும் வாய்ப் பக்கம் விடவே வேண்டாம்.

தாழ்வான, ஆழமில்லாத நீர்த்தேக்கங்களில் கோடைக் கடைசியில் வேறு ஆபத்து. தண்ணீர் பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல, அல்லது ஓரமெல்லாம் பாசிக் கஞ்சி மிதப்பதுபோல இருந்தால், அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அதில் சில வகைகளின் நஞ்சு நாயை மணிக்கணக்கில், சில சமயம் அதற்குள்ளாகவே கொன்றுவிடும். மாற்று மருந்து கிடையாது. குடிக்காவிட்டாலும், நனைந்த ரோமத்தை நக்கினாலே போதும். கலிபோர்னியாவில் எச்சரிக்கைப் பலகைகள் மூன்று படிகளில் வைக்கிறார்கள். எங்களுக்கு முதல் படிப் பலகையே போதும், வண்டியைத் திருப்பிவிடுவோம். பலகை இல்லை என்பதால் தண்ணீர் நல்லது என்றும் ஆகிவிடாது.

மீன் பிடிக்கும் கரைகளில் கீழே பார்த்து நடங்கள். அறுந்த தூண்டில் நரம்பு, அதன் நுனியில் இரை வாசனையோடு தூண்டில் முள். நாய்க்கு அது தின்பண்டம். முள் தொண்டைக்குள் போய்விட்டால் நரம்பைப் பிடித்து இழுக்காதீர்கள், மருத்துவர்தான் எடுக்க வேண்டும். பிடித்த டிரவுட் மீனையும் பச்சையாகப் போட வேண்டாம். வட கலிபோர்னியாவிலிருந்து வாஷிங்டன் மாநிலம் வரை சால்மன், டிரவுட் மீன்களில் இருக்கும் ஒரு தட்டைப்புழு, நாய்களை மட்டும் கொல்லும் ஒரு நுண்ணுயிரைச் சுமக்கிறது. ஏறக்குறைய ஒரு வாரம் கழித்துக் காய்ச்சலும் வாந்தியும் வரும். அதற்குள் மீன் தின்றதையே நாம் மறந்திருப்போம். சொன்னால் மருந்து இருக்கிறது, சொல்லாவிட்டால் பெரும்பாலும் பிழைக்காது. வேகவைத்து, முள் நீக்கிக் கொடுங்கள்.

இடி

ஜூலை, ஆகஸ்டில் மத்தியானத்துக்கு மேல் மலையில் மேகம் கூடி இடிக்கும். தீபாவளி வெடிக்கு நடுங்கும் நாய் என்றால் அது இங்கே கழுத்துப் பட்டையை உருவிக்கொண்டு ஓடும். பக்கத்து முகாமில் ஒருவருடைய நாய் அப்படித்தான் ஓடி, மறுநாள் காலை மூன்று மைல் தள்ளிக் கிடைத்தது. நாயின் தோலுக்கடியில் அடையாள மைக்ரோசிப் இருந்தாலும், அதில் பதிந்த தொலைபேசி எண் பழசாக இருந்தால் பயனில்லை. ராக் கிரீக் போன்ற பள்ளத்தாக்குகளில் சிக்னல் வராது என்பதால் பட்டையிலேயே எண்ணைத் தைத்து வைத்திருக்கிறோம். கால்நடை மருத்துவர் பிஷப்பிலும் மாமத் லேக்ஸிலும் உண்டு. நடுராத்திரி அவசரம் என்றால் ரீனோ நகரத்துக்குத்தான் போக வேண்டும், மாமத்திலிருந்து 270 கிலோமீட்டர். விலாசங்களைக் காகிதத்தில் எழுதி வெறிநாய்த் தடுப்பூசிச் சான்றோடு வண்டியில் வையுங்கள்.

கடைசியாக ஒன்று, வீடு திரும்பும் வழியில் நடப்பது. மலையிலிருந்து இறங்கியதும் காய்ந்த புல்வெளியில் நாயைச் சிறுநீர் கழிக்க விடுவோம். அங்கேதான் ஃபாக்ஸ்டெயில். நம்மூர் வேட்டியில் ஒட்டும் ஒட்டுப்புல்லின் முரட்டு அண்ணன். அதன் முட்கள் ஒரே திசையில் சாய்ந்திருப்பதால் முன்னே போகுமே தவிரப் பின்னே வராது. விரலிடுக்கில் குத்தினால் சதைக்குள்ளேயே நகரும், மூக்கில் ஏறினால் விடாத தும்மல். வண்டியில் ஏற்றும் முன் நெற்றி விளக்கைப் போட்டு நான்கு காலின் விரலிடுக்கு, இரண்டு காது, அக்குள், எல்லாம் விரலால் தடவிப் பார்க்கிறோம். போன ஆகஸ்டில் மணியின் இடது முன்காலிலிருந்து மட்டும் இடுக்கியால் மூன்று எடுத்தேன். நான்காவதை அவன் அடுத்த வாரம் நொண்ட ஆரம்பித்த பிறகு மருத்துவர் எடுத்தார்.