சென்னையில் நிகழ்ச்சிப் பந்தலுக்கும் மேடைக்கும் அனுமதி வாங்குவது எப்படி?

குடியிருப்போர் சங்க ஆண்டுவிழா, கோயில் கச்சேரி, பரிசளிப்பு விழா என எதுவானாலும், பொது இடத்தில் பந்தல் போட்டு மைக் வைத்தால் அனுமதி வேண்டும். அதை ஒரே அலுவலகம் தருவதில்லை. இடம் மாநகராட்சியிடம், கூட்டமும் ஒலிபெருக்கியும் காவல் துறையிடம், பந்தலின் பாதுகாப்பு தீயணைப்புத் துறையிடம், மின்சாரம் மின்வாரியத்திடம். முதல்முறை அலைகிறவர்களில் பலர் நேராகக் காவல் நிலையத்துக்குப் போய்விடுகிறார்கள். அங்கே கேட்கும் முதல் கேள்வியே "இடத்துக்கு லெட்டர் வாங்கிட்டீங்களா?" என்பதுதான். இட அனுமதியில் தொடங்கினால் மற்ற மனுக்களோடு அதன் நகலை இணைத்துவிடலாம்.

300 நாற்காலி, 20க்கு 16 அடி மேடை, ஒரு மாலை நிகழ்ச்சி. இதையே உதாரணமாக வைத்துக்கொள்வோம். அரசியல் கூட்டங்களுக்கான நடைமுறை தனி. டிக்கெட் விற்றால் கேளிக்கை வரியும் சேரும். விநாயகர் சதுர்த்திச் சிலைகளுக்கு 2018 அரசாணைப்படி தனிப் படிவம் உண்டு.

1. இடம் யாருடையது? (30 நாள் முன்)

உட்தெருக்களும் விளையாட்டுத் திடல்களும் பெரும்பாலும் மாநகராட்சியுடையவை. சில பெரிய சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கும். கோயில் நிலத்துக்குச் செயல் அலுவலர் அல்லது அறங்காவலர் கடிதம் தர வேண்டும். சந்தேகம் இருந்தால் வார்டு உதவிப் பொறியாளரைக் கேளுங்கள். பிறகு மண்டல அலுவலகத்தில் மனு கொடுத்து, நகலில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தச் சீல் இல்லாவிட்டால் மனு கொடுத்ததற்கே ஆதாரம் இல்லை.

மனு எழுதும் முன் டேப் பிடித்து அளந்து பாருங்கள். உட்கார்ந்து பார்க்கும் கூட்டத்துக்கு ஆளுக்கு 0.6 சதுர மீட்டர் என்றால் 300 பேருக்கு 180 சதுர மீட்டர். நடைவழியும் சேர்த்தால் 12க்கு 20 மீட்டர் பந்தல் வேண்டும். பந்தலுக்கும் பக்கத்துக் கட்டடத்துக்கும் நடுவே 3 மீட்டராவது காலியாக இருக்க வேண்டும், 4.5 மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. 30 அடித் தெருவில் இரண்டு பக்கமும் 3 மீட்டர் விட்டால் பந்தலுக்கு மிஞ்சுவதும் 3 மீட்டர்தான்! 300 பேர் என்றால் தெருவை விட்டுவிட்டுத் திடலைத் தேடுங்கள். தெருவில்தான் நடத்த வேண்டும் என்றால் மேடையை மட்டும் போட்டு, நாற்காலிகளைத் திறந்தவெளியில் வையுங்கள். ஆம்புலன்ஸ் நுழைய ஒரு பக்கம் எப்போதும் திறந்திருக்கட்டும்.

மனுவில் நிகழ்ச்சி நாளை மட்டும் எழுதுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. கம்பு இறங்குவது இரண்டு நாள் முன்பு, பிரிப்பது மறுநாள். "12ஆம் தேதி காலை முதல் 15ஆம் தேதி மாலை வரை, நிகழ்ச்சி 14 மாலை 5 முதல் 9.30 வரை" என்று முழுதாக எழுதுங்கள். எல்லா மனுவிலும் ஒரே பெயர், ஒரே தேதி, ஒரே நேரம் இருக்க வேண்டும். ஒன்றில் சங்கத்தின் பெயரும் இன்னொன்றில் செயலாளர் பெயரும் இருந்தால் திருப்பி அனுப்புவார்கள்.

2. ஒரு தாளில் வரைபடம்

பொறியாளர் வரைந்தால் நல்லது. கையால் வரைந்தாலும் அளவுகள் சரியாக இருந்தால் போதும். பந்தல், மேடை, வெளியேறும் வழிகள், ஜெனரேட்டர், சமையல் இடம், தீயணைப்பான்கள், பக்கத்துக் கட்டடங்கள், தலைக்கு மேல் போகும் மின்கம்பி, அருகிலுள்ள பள்ளி, மருத்துவமனை எல்லாம் அதில் வரட்டும். பத்து நகல் எடுத்து ஒவ்வொரு மனுவோடும் இணையுங்கள். இட ஆய்வுக்கு வரும் அதிகாரி இந்தத் தாளை வைத்துத்தான் கேள்வி கேட்பார்.

3. தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று (20 நாள் முன்)

இந்தச் சான்றை வெறும் சடங்காக நினைக்காதீர்கள். 1997 ஜூனில் தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தல் எரிந்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் கல்யாண மண்டபத்தின் கூரைப் பந்தல் பற்றி, மணமகன் உட்பட 50க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். தீயோடு நெரிசலும் சேர்ந்தே உயிர்களைப் பறித்தது. அதனால் கீற்றும் வைக்கோலும் வேண்டவே வேண்டாம்.

தற்காலிகப் பந்தல்களுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 8758. பந்தல்காரரிடம் பேசும்போது இவற்றைக் கேட்டு வாங்குங்கள்: கூரை 3 மீட்டருக்குக் குறையாத உயரம், செயற்கை இழைத் துணியும் நைலான் கயிறும் இல்லாமல் பருத்தித் துணி, சணல் கயிறு, எதிரெதிர்த் திசையில் குறைந்தது இரண்டு வாசல், ஒவ்வொன்றும் 1.5 மீட்டர் அகலம். எங்கே உட்கார்ந்தாலும் 15 மீட்டருக்குள் ஒரு வாசல். அலங்காரத்துக்காக நாலு பக்கமும் துணி கட்டி மூடுவது பெரிய தவறு. மின்கம்பிக்கு அடியில் பந்தல் கூடவே கூடாது. துணைமின் நிலையத்திலிருந்து 15 மீட்டர் தள்ளிப் போடுங்கள். சமையல் தனிக் கொட்டகையில் நடக்கட்டும்.

துணியைத் தீத்தடுப்புக் கரைசலில் நனைத்துக் காயவைக்கலாம். 35 லிட்டர் தண்ணீருக்கு அம்மோனியம் சல்பேட் 4 கிலோ, அம்மோனியம் கார்பனேட் 2 கிலோ, வெண்காரம் 1 கிலோ, போரிக் அமிலம் 1 கிலோ, படிகாரம் 2 கிலோ. இவை நீரில் கரையும் உப்புகள். மழையில் நனைந்த துணியில் பலன் போய்விடும், மறுபடி நனைக்க வேண்டும்.

தண்ணீர் சதுர மீட்டருக்கு 0.75 லிட்டர் என்று கணக்கு. நம் பந்தலுக்கு 180 லிட்டர் வருகிறது. பெரும்பகுதியை வாளிகளில் நிரப்பி வாசல்களருகே வையுங்கள், மீதி டிரம்மில் இருக்கட்டும். மேடைக்கும் ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு ஏபிசி பவுடர் தீயணைப்பான், ஜெனரேட்டருக்கும் சுவிட்ச் போர்டுக்கும் கரியமில வாயு தீயணைப்பான்.

4. மேடை

மேடைகளுக்குச் சதுர மீட்டருக்கு 500 கிலோ சுமை என்று வைத்துக் கணக்கிட வேண்டும். நம் மேடை ஏறத்தாழ 30 சதுர மீட்டர், ஆகவே 15 டன். பரிசு வாங்க ஐம்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஏறிக் குதித்தால் இந்தக் கணக்கு ஏன் என்று புரியும். கால்களுக்கிடையே குறுக்குச் சட்டம் இல்லாத மேடை நேர்ச்சுமையைத் தாங்கும், பக்கவாட்டு ஆட்டத்தில் சரியும். மண் தரையில் ஒவ்வொரு காலுக்கும் அடியில் பலகை வையுங்கள். பெரிய மேடைகளுக்குப் பொதுப்பணித் துறையின் உறுதித்தன்மைச் சான்றும், மின் ஆய்வாளர் சான்றும் கேட்கலாம்.

பலரும் மறப்பது பின்திரையை. மணிக்கு 60 கிலோமீட்டர் காற்றில் 20க்கு 10 அடி ஃபிளெக்ஸ் மீது 300 கிலோவுக்கு மேல் தள்ளுவிசை விழுகிறது. மேடையோடு மட்டும் கட்டினால் மேடையையும் சேர்த்துச் சாய்த்துவிடும். பின்னால் சாய்வுக் குழாய்த் தாங்கல்கள் மூன்றாவது வேண்டும், ஒவ்வொன்றின் அடியிலும் மணல் நிரப்பிய 200 லிட்டர் டிரம். அப்படி ஒரு டிரம் சுமார் 300 கிலோ எடை. காற்று எழுந்தால் முதலில் ஃபிளெக்ஸை அவிழ்த்துவிடுங்கள். பந்தல் கால்களுக்கும் சாலையில் குழி தோண்டாமல் டிரம்களையே பயன்படுத்துங்கள்.

5. காவல் நிலையம் (15 நாள் முன்)

சென்னை மாநகரக் காவல் சட்டத்தின் 41ஆவது பிரிவின் கீழ், பொதுக் கூட்டங்களுக்கு 5 நாளாவது முன்னதாக மனு கொடுக்க வேண்டும். கடைசி நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். சட்டம் ஒழுங்கு ஆய்வாளருக்கு மனுவும் போக்குவரத்து ஆய்வாளருக்கு நகலும் கொடுங்கள். எதிர்பார்க்கும் கூட்டம், முக்கிய விருந்தினர், வாகனம் நிறுத்துமிடம், தன்னார்வலர்களின் பெயரும் கைப்பேசி எண்ணும் அதில் வேண்டும்.

ஒலிபெருக்கிக்கு எழுத்துபூர்வ அனுமதி தனி. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் கூடாது. குடியிருப்புப் பகுதியின் பகல் வரம்பு 55 டெசிபல். பள்ளி, மருத்துவமனை, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்டிருக்கலாம். கூம்பு ஒலிபெருக்கிக்கு அனுமதி கிடைக்காது, பெட்டி வகைதான்.

6. மின்சாரம்

மின்வாரியத்தின் பிரிவு அலுவலகம் வழியாகத் தற்காலிக இணைப்பு கேளுங்கள். கம்பத்தில் கொக்கி போடுவது 2003 மின்சாரச் சட்டத்தின் 135ஆவது பிரிவுப்படி திருட்டு. விளக்குகள் 2, மின்விசிறிகள் 2, ஒலி 3, மேடை விளக்குகள் 3 என 10 கிலோவாட் வரும். இதற்கு 20 கேவிஏ ஜெனரேட்டர் தாராளம். மின்கசிவு ஏற்பட்டதும் தானாக இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் (ஆர்சிசிபி) இல்லாத போர்டை ஏற்காதீர்கள். தரையில் டேப் சுற்றிய இணைப்பு ஒன்றுகூட இருக்கக் கூடாது.

7. பேனர்

பந்தல் அனுமதியில் பேனர் அடங்காது. 2019இல் பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து ஸ்கூட்டரில் போன இளம்பெண் உயிரிழந்ததிலிருந்து இதில் கெடுபிடி அதிகம், அது நியாயமும்கூட. மேடைத் திரை தவிர வேறு பேனர் வைக்காமல் இருப்பதே நல்லது.

எல்லா அனுமதிகளின் நகலும் ஒரே ஃபைலில், மேடைக்குப் பக்கத்தில், பொறுப்பாளர் ஒருவர் கையில் இருக்கட்டும். பிரித்த பிறகு சாலையையும் திடலையும் படம் எடுத்து உதவிப் பொறியாளருக்கு அனுப்பிவிடுங்கள். முன்வைப்புத் தொகை கட்டியிருந்தால் அதைத் திரும்பப் பெற இந்தப் படங்கள்தான் சான்று.