இஸ்ரேல்–அரபு மோதலைப் படிக்க நாலு படம் போதும்

சேலத்தில் குரூப் ஒன்னுக்குப் படிக்கிறவர்கள் இந்தப் பாடம் வந்ததும் 1917, 1948, 1956, 1967, 1973 என்று வருடங்களை உருப்போடுகிறார்கள், ரெண்டே நாளில் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடுகிறது. வருடத்தை விடுங்கள், நிலத்தைப் பிடியுங்கள். பெயர் எழுதாத வெற்று வரைபடம் ஒன்றை ஜெராக்ஸ் கடையில் நாலு காப்பி எடுத்து, ஒவ்வொன்றிலும் அப்போது எந்த மண் யார் கையில் இருந்தது என்று மட்டும் கலர் அடியுங்கள்.

முதலில் அளவு மனதில் பதியட்டும். பாலஸ்தீனக் கடலோரப் பகுதியான காசா மொத்தமே சுமார் 365 சதுர கி.மீ., நம்ம மாநகராட்சியைப் போல நாலு மடங்கு. நீளம் 41 கி.மீ., அஞ்சு ரோட்டிலிருந்து சங்ககிரி போகிற தூரம்தான்.

முதல் படம் 1947. பால்ஃபர் அறிவிப்பு (பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தாயகம் அமைய ஆதரவு என்று 1917-இல் பிரிட்டன் சொன்னது), பிரிட்டிஷ் ஆட்சி, ஐரோப்பாவிலிருந்து வந்த யூதக் குடியேற்றம் எல்லாம் ஓரத்தில் குறிப்பாக இருக்கட்டும். பாலஸ்தீனத்தை ரெண்டு நாடாகப் பிரிக்கச் சொன்ன ஐ.நா.வின் 181-வது தீர்மானம் பாதிக்கு மேற்பட்ட நிலத்தை யூத நாட்டுக்கு ஒதுக்கியது, ஆனால் மக்கள்தொகையில் மூன்றில் இரண்டு பங்கு அரபுகள். யூதத் தலைமை ஏற்றது, அரபுகள் மறுத்தார்கள். இந்தியா எதிர்த்து ஓட்டுப் போட்டது, இதைக் கட்டாயம் எழுதுங்கள்.

அடுத்தது 1949. 1948-இல் இஸ்ரேல் உருவானதும் அரபு நாடுகளோடு நடந்த போர் முடிந்தபோது மேற்குக் கரையும் கிழக்கு ஜெருசலேமும் ஜோர்டான் கையில், காசா எகிப்து கையில், மிச்சம் இஸ்ரேல். இந்தக் கோடுதான் பச்சைக் கோடு. சுமார் 7 லட்சம் பாலஸ்தீனர்கள் அகதியானார்கள், அதை நக்பா (பேரழிவு) என்கிறார்கள். அடுத்த ஆண்டுகளில் அரபு நாடுகளிலிருந்து லட்சக்கணக்கான யூதர்களும் வெளியேற நேர்ந்தது. ரெண்டில் ஒன்றை விட்டாலும் விடை ஒருபக்கம் சாய்ந்துவிடும்.

மூன்றாவது 1967, இதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். ஆறே நாள் நடந்த போரில் காசா, சினாய், மேற்குக் கரை, கிழக்கு ஜெருசலேம், கோலன் குன்றுகள் அத்தனையும் இஸ்ரேல் வசமாயின. பின்னால் வருவதெல்லாம் இந்தப் படத்தின் பாக்கிதான். ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 242-வது தீர்மானம் பிடித்த நிலத்திலிருந்து விலகச் சொன்னது, கூடவே எல்லா நாடுகளும் நிம்மதியாக வாழும் உரிமையையும் பேசியது. 1973-இல் எகிப்தும் சிரியாவும் போர் தொடுத்தது இழந்ததை மீட்கத்தான். 1979 எகிப்து–இஸ்ரேல் சமாதான ஒப்பந்தப்படி சினாய் 1982-இல் எகிப்துக்குத் திரும்பியது, மற்றவை இன்னும் தகராறில். சூயஸ் கால்வாய் தகராறில் இஸ்ரேல், பிரிட்டன், பிரான்ஸ் எகிப்தைத் தாக்கிய 1956 போருக்கு ஒரு வரி போதும், எல்லை கடைசியில் மாறவில்லை.

நாலாவது 1995. இஸ்ரேலும் பாலஸ்தீனத் தலைமையும் செய்த ஆஸ்லோ ஒப்பந்தங்கள் மேற்குக் கரையை ஏ, பி, சி என்று கூறுபோட்டன, அதில் சுமார் 60 சதவீதமான சி முழுக்க இஸ்ரேல் கட்டுப்பாட்டில். மை சிந்தியது போல இருக்கும், துல்லியமாக வரையப் பார்க்காதீர்கள். காசா மேல் மட்டும் 2005 இஸ்ரேல் வெளியேற்றம், 2007 ஹமாஸ் (பாலஸ்தீன ஆயுத இயக்கம்) ஆட்சி, இஸ்ரேல் மீது 2023 அக்டோபர் 7 ஹமாஸ் தாக்குதல், அதைத் தொடர்ந்த போர் என்று எழுதிவிடுங்கள்.

அப்புறம், வாட்ஸ்அப்பில் சுற்றுகிற படங்களைச் சரிபார்க்காமல் நகல் எடுக்காதீர்கள். சிலவற்றில் தனியார் நிலவுடைமையையும் அரசின் ஆட்சி எல்லையையும் ஒரே கலரில் கலந்திருப்பார்கள், சிலவற்றில் பச்சைக் கோடே இருக்காது.