ஜாக்கெட் கடைசியில்: பினாங்கிலிருந்து ஸ்வால்பார்டுக்குக் குடிபோகிறவர்களுக்கு

என் சித்தி மகன் வரும் செப்டம்பரில் லாங்யர்பியனுக்கு வேலைக்குப் போகிறான். போன வாரம் தண்ணீர்மலை கோயிலில் பார்த்தபோது, "அக்கா, ஜாக்கெட் எங்கே வாங்குறது?" என்றுதான் முதலில் கேட்டான். எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். அந்த ஊரில் ஒரு ஹோட்டல் சமையலறையில் இரண்டு குளிர்காலம் வேலை செய்தவள் நான். ஜாக்கெட்டைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் தம்பி என்றேன். அவனுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

லாங்யர்பியன் 78 டிகிரி வடக்கே, நார்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்டு தீவுகளில் இருக்கிறது. சுமார் 2,500 பேர் வாழும் ஊர். அங்கே தங்க விசா வேண்டாம். 1920இல் கையெழுத்தான ஒப்பந்தத்தை ஒட்டி வந்த வழக்கம் அது. அதை நம்பி உடனே டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். வீடு பெரும்பாலும் வேலையோடு சேர்ந்துதான் கிடைக்கும். உதவித்தொகை எதுவும் கிடையாது, தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ள முடியாதவரை ஆளுநர் அலுவலகம் திருப்பி அனுப்பலாம். அதனால் வேலைக் கடிதத்தில் வீடு உண்டா, வாடகை எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். போகும் வழி நார்வேயின் பெருநிலப் பகுதி. அது ஷெங்கன் பகுதி (ஒரே விசா விதி வைத்திருக்கும் ஐரோப்பிய நாடுகளின் கூட்டு), மலேசியக் கடப்பிதழுக்கு 180 நாளில் 90 நாள் வரை விசா தேவையில்லை. ஸ்வால்பார்டு ஷெங்கனுக்கு வெளியே இருப்பதால் மறுபடியும் கடப்பிதழைக் காட்ட வேண்டிவரும். கைப்பையிலேயே இருக்கட்டும்.

அடுத்தது உடம்பு. ஊரில் இருப்பது சின்ன மருத்துவமனை. பெரிய கோளாறு என்றால் விமானத்தில் வட நார்வேயின் டிராம்சோ நகரத்துக்குத்தான் போக வேண்டும். கர்ப்பிணிகளும் பிரசவத்துக்குச் சில வாரம் முன்பே நார்வேக்குப் போய்விட வேண்டும். சொத்தைப்பல், கண்ணாடி, பாதியில் நிற்கிற சிகிச்சை எல்லாவற்றையும் பினாங்கிலேயே முடித்துவிடுங்கள். அப்படியே வைட்டமின் டி அளவையும் இரத்தத்தில் பார்த்துவிடுங்கள். நம் கறுத்த தோல் அதைத் தயாரிக்க வெயில் கூடுதலாக வேண்டும். அங்கோ மாதக்கணக்கில் வெயிலே இல்லை. முதல் குளிர்காலத்தில் காரணம் தெரியாமல் சோர்ந்து கிடந்தேன். கூட வேலை செய்த நார்வேக்காரப் பெண்தான் தினமும் ஒரு கரண்டி மீன் ஈரல் எண்ணெய் குடிக்கச் சொன்னாள். டாக்டரிடம் அளவு கேட்டுக்கொண்டு, போன முதல் வாரமே தொடங்குங்கள்.

பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மூக்குத்தியைக் கழற்றிவிட்டுப் போங்கள். மைனஸ் 18இல் ஒருநாள் வேலைக்கு நடந்து போனேன், கால் மணி நேர நடைதான். பாதி வழியில் மூக்கின் ஓரத்தில் ஊசி குத்துகிற மாதிரி இருந்தது. சமையலறைக்குள் போய்க் கண்ணாடியில் பார்த்தால், மூக்குத்தியைச் சுற்றித் தோல் வெள்ளையாக வெளிறிக் கிடந்தது. உலோகம் குளிரை அப்படியே தோலுக்குள் இறக்கிவிடும். துளை தூர்ந்துவிடும் என்று பயமாக இருந்தால் மெல்லிய பிளாஸ்டிக் குச்சி போட்டுக்கொள்ளலாம். தோடும் அப்படித்தான். தாலிச் சங்கிலி துணிக்கு உள்ளே இருப்பதால் கவலையில்லை.

தலைக்குத் தேய்க்கிற தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே கட்டியாகிவிடும், வீட்டுக்குள்ளேயே அப்படித்தான் இருக்கும். வாய் குறுகிய பாட்டிலில் கொண்டுபோய் அல்லாடினேன். அகல வாய் டப்பாவில் ஊற்றிக்கொள்ளுங்கள். காற்றில் ஈரமே இல்லாததால் உதடும் குதிகாலும் வெடிக்கும், கொஞ்சம் கூடவே எடுத்துக்கொள்ளலாம். ஈரத் தலையோடு மட்டும் வெளியே போகவே கூடாது.

சமையல் சாமான் வாங்கப் பினாங்கு மார்க்கெட் ஸ்திரீட்டில் ஒரு காலை நேரம் ஒதுக்குங்கள். லாங்யர்பியனில் தாய்லாந்துக்காரர்களும் பிலிப்பைன்ஸ்காரர்களும் நிறைய இருப்பதால் அரிசிக்குப் பஞ்சமில்லை. உளுந்து, புளி, வெந்தயம், கடுகு, மீன் கறித் தூள், வெல்லம் இவையெல்லாம் நம் கையோடு போக வேண்டியவை. நெய்யும் செருண்டிங்கும் (வறுத்த இறைச்சித் துருவல்) வேண்டாம். பால் பொருளும் இறைச்சியும் நார்வேக்குள் கொண்டுபோகக் கூடாது. மிக்சியைத் தாராளமாகக் கொண்டுபோகலாம். மின்சாரம் நம் ஊர் அளவுதான், செருகி மட்டும் இரண்டு உருண்டைக் கால். இட்லி மாவு மேசைமேல் வைத்தால் இரண்டு நாளானாலும் பொங்காது. அடுப்பின் ஓவனைச் சூடாக்காமல் உள்விளக்கை மட்டும் எரியவிட்டு, மாவுப் பாத்திரத்தை உள்ளே வைத்துக் கதவை மூடிவிடுங்கள். எனக்கு விடிவதற்குள் மூடியைத் தள்ளிக்கொண்டு வந்தது.

இப்போது துணி. பண்டல் கடையில் (பழைய துணிக் கடை) மலிவாகக் கிடைக்கிறதே என்று பருத்தி உள்ளாடையும் ஜீன்சும் அள்ளாதீர்கள். பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே ஒட்டிக்கொண்டு குளிரும். கம்பளி உள்ளாடை இரண்டு ஜோடி இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள், இறங்கும்போது உடம்பில் இருக்க வேண்டும். கனத்த ஜாக்கெட்டும் பூட்சும் நார்வேயில் வாங்குவது நல்லது. விலை அதிகம்தான், ஆனால் அந்தக் குளிருக்கென்றே செய்தவை. பூட்ஸ் ஒரு சைஸ் பெரிதாக இருக்கட்டும், விரல் அசைய இடம் வேண்டும். நிலக்கரிச் சுரங்கக் காலத்து வழக்கமாம், இன்னமும் பல கட்டடங்களில் வாசலிலேயே செருப்பைக் கழற்ற வேண்டும். நமக்கு அது புதிதல்ல. உள்ளே போட ஒரு மெத்துச் செருப்பு போதும். பனிக்கரடி நடமாடும் இடம் என்பதால் ஊர் எல்லையைத் தாண்டித் தனியாகப் போகாதீர்கள், துப்பாக்கி தெரிந்த ஆளோடு மட்டும் போங்கள்.

இருட்டுக்குத்தான் நான் தயாராகவே இல்லை. அக்டோபர் கடைசியில் மறைகிற சூரியன் பிப்ரவரி நடுவில்தான் அடிவானத்துக்கு மேலே வரும். சுற்றிலும் மலை என்பதால் ஊருக்குள் வெயில் விழ மார்ச் 8 ஆகிவிடும். அதனால் பகலுக்கு ஒரு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அம்மாவின் போன்தான். குளிர்காலத்தில் பினாங்கு ஏழு மணி நேரம் முன்னே இருக்கும். அங்கே நண்பகல் 12 அடிக்கும்போது, இங்கே அம்மா விளக்கேற்றிவிட்டு 7 மணிக்கு அழைப்பார்.

பொங்கலன்றும் சூரியன் கிடையாது. ஜன்னலுக்கு வெளியே நீல இருட்டு, மின் அடுப்பில் பானை. பொங்கலோ பொங்கல் என்று சொன்னபோது குரல் உடைந்துவிட்டது. மார்ச் 8 அன்று ஊரே பழைய மருத்துவமனைப் படிக்கட்டின் முன்னால் கூடி, சூரியனை வரச் சொல்லிக் கத்துகிறார்கள். இரண்டாவது வருடம் நான் அன்றைக்கும் ஒரு பானை பொங்கி, பிளாஸ்கில் போட்டு எடுத்துப்போய் எல்லாருக்கும் கொடுத்தேன். பானை எடுத்துப்போகிறவர்கள் சின்னதாக, அரைப்படி அளவில் எடுங்கள். வெண்கலம் பெட்டியில் கனக்கும்.