பிலிப்பைன்ஸில் புதிதாகக் குடியேறியவர்களுக்கு: துலி, கும்பில், 18 ரோஜா

தாவோவில் மருத்துவம் படிக்க வந்த பிள்ளைகளானாலும் சரி, மணிலாவுக்குக் குடும்பத்தோடு வேலைக்கு வந்தவர்களானாலும் சரி, இங்கே ஏப்ரல், மே மாதங்களில் தெருமுனையில் ‘லிப்ரெங் துலி’ என்று ஒரு பேனர் கண்ணில் படலாம். லிப்ரே என்றால் இலவசம். துலி என்பது நம் ஊரில் சுன்னத் என்கிறோமே, அதுதான். பெரும்பாலும் பரங்காய் அலுவலகம் நடத்தும் முகாம் (பரங்காய் என்பது காய் இல்லை, நம் பஞ்சாயத்து மாதிரி).

வந்த புதிதில் எனக்குத் தலை சுற்றியது. பத்தில் எட்டுப் பேர் கத்தோலிக்கர், ஜீப்னியில்கூட (இங்கத்து ஷேர் வண்டி) மாதா படம் தொங்குகிறது, இவர்கள் எதற்கு சுன்னத் செய்கிறார்கள்? நம் ஊர்க் கிறிஸ்தவ வீடுகளில் விருத்தசேதனம், அதாவது சுன்னத், என்பது பைபிளில் வாசிக்கிற வார்த்தை, அவ்வளவுதான். வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டேன். “அது சாமி விஷயம் இல்லை, பையன் ஆம்பளை ஆகிற விஷயம்” என்று சிரித்தார். இந்த ஒரு பதிலைப் பிடித்துக்கொண்டால் மற்றது எல்லாம் புரியும்.

கத்தோலிக்கச் சபை இதைக் கேட்கவே இல்லை. யூதரல்லாத விசுவாசிகளுக்கு விருத்தசேதனம் வேண்டாம் என்று எருசலேமில் கூடி முடிவெடுத்ததை அப்போஸ்தலர் நடபடிகள் 15-ஆம் அதிகாரம் சொல்கிறது. பவுல் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் இதற்காகவே கோபப்படுகிறார். இங்கே இது 1521-இல் ஸ்பெயின் கப்பல்களோடு மகெல்லன் வருவதற்கு முன்பே இருந்த வழக்கம் என்றும், தெற்கிலிருந்து பரவிய இஸ்லாமின் தாக்கம் என்றும் சொல்கிறார்கள். மதம் மாறியும் வழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

அந்தக் காலத்தில் பையனை ஆற்றில் ஊறவிட்டு, வாயில் கொய்யா இலையை மெல்லக் கொடுத்து, ஊர்ப் பெரியவர் ஒருவர் கத்தியால் முடித்துவிடுவார், மென்ற இலைதான் மருந்து. இப்போது பெரும்பாலும் மருத்துவர்கள், மரத்துப்போக ஊசி போட்டுச் செய்கிறார்கள். ஆனால் கொய்யா இலை போகவில்லை, வெந்நீரில் கொதிக்கவைத்துக் கழுவச் சொல்வார்கள். அப்புறம் ஒரு வாரம் பையன்கள் அக்காவின் பாவாடையைக் கட்டிக்கொண்டு கால் அகட்டி நடப்பார்கள், யாரும் கேலி செய்வதில்லை. புண் வீங்கினால் ‘தக்காளி ஆகிவிட்டது’ என்று பொருள்படச் சொல்வார்கள், பெண்பிள்ளைகள் பார்த்துவிட்டால்தான் அப்படி ஆகும் என்று நம்பிக்கையும் உண்டு!

உங்கள் பையன் நாலாம் ஐந்தாம் வகுப்பில் இருந்தால் ‘சுபோட்’ என்ற வார்த்தையைக் கேட்டுவிட்டு வருவான். துலி செய்யாதவன் என்று அர்த்தம், கோழை என்பது உள்ளர்த்தம். அவன் வந்து அழுவதற்கு முன்பே நீங்கள் உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள்: நம் வீட்டில் இது வழக்கம் இல்லை, இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. எந்தச் சட்டமும் இதைக் கட்டாயமாக்கவில்லை. சில பையன்கள் நண்பர்களோடு கூட்டமாக முகாமுக்குக் கிளம்பிவிடுவார்கள், அதனால் விடுமுறையில் கொஞ்சம் கண் வைத்திருங்கள். அவனே விரும்பி, நீங்களும் சம்மதித்தால், முகாமுக்கு அனுப்பாமல் நல்ல மருத்துவரிடம் போங்கள், ரத்தம் உறையாத கோளாறு குடும்பத்தில் இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்கு இந்தத் தலைவலியே பெரும்பாலும் இல்லை, பையனுக்குச் சின்ன வயதிலேயே முடிந்திருக்கும்.

கிறிஸ்தவக் கோயில் சடங்குகள் வேறு. பின்யாக் என்றால் ஞானஸ்நானம், கைக்குழந்தைக்கு. புதுநன்மை, அதாவது முதல்முறை நற்கருணை வாங்குவது, ஆரம்பப் பள்ளியில். கும்பில் என்பது உறுதிப்பூசுதல், ஞானஸ்நானத்தை உறுதிப்படுத்தும் சடங்கு, பெரும்பாலும் ஆயர் வந்து நெற்றியில் எண்ணெய் பூசுவார். பிற்பாடு கோயிலில் கல்யாணம் வைக்கும்போது அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள், ஊரிலிருந்து வரும் கத்தோலிக்கர்கள் உங்களுடையதையும் எடுத்துவந்துவிடுங்கள்.

சக ஊழியர் உங்களை நினோங்காக, அதாவது ஞானத்தந்தையாக, இருக்கக் கேட்டால் அது பெரிய மரியாதை. ஆனால் சபைச் சட்டப்படி நினோங் ஆகிறவர் உறுதிப்பூசுதல் பெற்ற கத்தோலிக்கராக இருக்க வேண்டும், 16 வயது முடிந்திருக்க வேண்டும். நீங்கள் இந்துவோ முஸ்லிமோ என்றால் தயங்காமல் சொல்லிவிடுங்கள், விருந்துக்கு வாருங்கள் என்பார்கள். ஒப்புக்கொண்டவர்கள் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்தப் பிள்ளைக்குப் பணமோ பரிசோ எடுத்து வைக்க வேண்டும், நம் தாய்மாமன் சீர் மாதிரி முடிவே இல்லாத கணக்கு.

பெண்பிள்ளைகளுக்கு 18 வயதில் ‘டெபு’ வைப்பார்கள். மஞ்சள் நீராட்டு என்று நினைத்துப் பட்டுப்புடவையும் தட்டும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், அது பூப்பு விழா இல்லை, பிறந்தநாள். 18 ஆண்கள் ஆளுக்கொரு ரோஜா கொடுத்து அவளோடு ஒரு சுற்று ஆட வேண்டும், 18 பெண்கள் மெழுகுவத்தி ஏற்றி ஒரு வார்த்தை வாழ்த்த வேண்டும். அழைப்பிதழில் அந்தப் பதினெட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் பார்க்காமல் போய், மேடையில் கையில் ரோஜாவோடு நின்றேன்.