கிரிப்டோகிராஃபி படிக்கும்போது சறுக்கும் இடங்கள்

செமஸ்டர் நெருங்கினால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் செய்தியைக் குறியாக்கும் (ரகசிய வடிவுக்கு மாற்றும்) ஆர்எஸ்ஏ முறையில் கணக்குப் போடும் மாணவர்களைப் பார்க்கலாம். பகா எண்கள் 3, 11, பெருக்கினால் 33. குறியாக்கும் பொதுச்சாவி 7, அதைத் திரும்பப் பிரிக்கும் தனிச்சாவி 3. செய்தி 2 என்றால், 2-இன் 7-ஆம் அடுக்கு 128; 33-ஆல் வகுத்தால் மீதி 29, அதுதான் குறியாக்கிய செய்தி. விடை சரி, மார்க்கும் வந்துவிடும்.

அதையே அப்படியே புராஜெக்ட்டில் எழுதிவைப்பதுதான் பெரிய தவறு. அந்தக் கணக்கில் 2 எப்போதும் 29-ஆகத்தான் மாறும். பொதுச்சாவியோ எல்லோரிடமும் இருக்கிறது. செய்தி ‘ஆம்’ அல்லது ‘இல்லை’தான் என்று தெரிந்தால், இரண்டையும் குறியாக்கிப் பார்த்து எது பொருந்துகிறது என்று யாரும் சொல்லிவிடலாம். சாவியை 2048 பிட்டாக நீட்டினாலும் இந்த ஓட்டை அடைபடாது. அதனால்தான் ஓஏஇபி முறையில் ஒவ்வொரு தடவையும் புதிய ரேண்டம் பிட்களைக் கலந்த பிறகு குறியாக்குகிறார்கள். பாடம் நடத்தும்போது இதை ஒரு வரியில் கடந்துபோவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஒரே சாவியால் பூட்டித் திறக்கும் ஏஇஎஸ் முறை விஷயத்திலும் இதே சிக்கல் உண்டு. ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க மென்பொருளில் சாவியை நேரடியாகக் கொடுத்து, 16 எழுத்துத் துண்டுகளைத் தனித்தனியாகக் குறியாக்கும் இசிபி மோட் போட்டு, 0 என்ற எழுத்தை 32 முறை எழுதிக் குறியாக்குங்கள். ஹெக்ஸில் (ஒரு எழுத்துக்கு 2 இலக்கம்) பார்த்தால் முதல் 32 இலக்கங்கள் அப்படியே அடுத்த 32-இலும் வரும். உள்ளே திரும்பத் திரும்ப வரும் பகுதி வெளியிலிருந்தே தெரிகிறது. இப்படிக் காட்டிக்கொடுக்காத ஜிசிஎம் மோட் நல்லதுதான். ஆனால் ஒரே சாவியோடு, ஒரு முறை மட்டுமே பயன்பட வேண்டிய நான்ஸ் எண்ணை இரண்டாவது தடவை பயன்படுத்தினால் அதன் பாதுகாப்பும் போச்சு.

பாஸ்வேர்டைத் திரும்பப் பெற முடியாத வடிவுக்கு மாற்றிச் சேமிக்க எம்டி5 என்ற ஹேஷ் முறை வேண்டாம். எஸ்ஹெச்ஏ-256-உம் அதற்கு ஏற்றதல்ல. வேகமாக ஓடுவதால் ஊகித்துப் பார்ப்பவருக்குத்தான் வசதி. பிகிரிப்ட், ஆர்கான்2 போன்றவை வேண்டுமென்றே மெதுவாக ஓடும். ஆளுக்கொரு சால்ட்டும் (கூடவே கலக்கும் ரேண்டம் துண்டு) சேரும்.

அப்புறம், சொந்தமாக ஒரு அல்காரிதம் எழுதி அதை மறைத்துவைத்தால் போதும் என்ற நினைப்பு. சாவி மட்டும் ரகசியமாக இருந்தால் போதும்படி முறை அமைய வேண்டும் என்று குறியாக்க அறிஞர் கெர்க்காஃப்ஸ் 1883-லேயே எழுதிவிட்டார்.

பலரும் எட்டிப் பார்க்காத இடம், சாவியை உருவாக்கப் பயன்படும் ரேண்டம் எண். 2006-இல் டெபியன் லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் செய்த ஒரு சிறு திருத்தத்தால் ரேண்டம் தன்மை ஏறக்குறைய காணாமல் போனது. ஒரே வகை, ஒரே நீளச் சாவி என்றால், ஒரு கணினி வகையில் சுமார் 32,768 சாவிகளே சாத்தியம். 2008-இல்தான் கண்டுபிடித்தார்கள். அதில் ஆர்எஸ்ஏ கணக்கில் எந்தப் பிழையும் இல்லை. பிளேஃபேர், ஹில் போன்ற பழைய சைஃபர்களுக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள்.