மழை விட்ட ராத்திரியில் தேரை எதிரே வந்தால்

கோடை மழை கொட்டித் தீர்த்து அரைமணி நேரம் இருக்கும். வாசலில் கிடந்த செருப்பில் காலை விட்டேன். உள்ளே ஏதோ ஜில்லென்று நகர்ந்தது. அன்றிலிருந்து மழை நாளில் செருப்பைத் தட்டாமல் நான் போடுவதில்லை. நீங்களும் அதிலிருந்தே ஆரம்பியுங்கள். அப்புறம் டார்ச்சைத் தரைக்குப் பிடித்து மெதுவாக நடங்கள். தவளை மாதிரி நீளத் தாவித் தப்பிக்கிற ஜாதி இல்லை தேரை. பயந்தால் பெரும்பாலும் அப்படியே உட்கார்ந்துவிடும். ஈரமண்ணும் அதுவும் ஒரே நிறம் வேறு.

வயிற்றைத் தரையில் பரப்பிக் கிடந்தால் அடிபட்டுவிட்டதோ என்று பதற வேண்டாம், தண்ணீர் குடிக்கிறது. தேரைக்கு வாயால் குடிக்கத் தெரியாது. அடிவயிற்றுத் தோல் வழியாகவே உறிஞ்சிக்கொள்ளும்.

தொட்டால் மரு வரும் என்பது பொய். மரு வருவது மனிதருக்குள் பரவும் வைரஸால். ஆனாலும் சும்மா தூக்காதீர்கள். நம் கையிலிருக்கும் கொசுவிரட்டிக் களிம்பும் சோப்பும் அந்தத் தோல் வழியாக உள்ளே போய்விடும். வண்டிப் பாதையில் உட்கார்ந்திருந்தால் மட்டும், கையை வெறும் தண்ணீரில் கழுவி, ஈரம் காயாமல் இரண்டு உள்ளங்கைகளாலும் அடியில் தாங்கி எடுங்கள். சிறுநீர் விடும், கீழே போட்டுவிடாதீர்கள். ஆணாக இருந்தால் 'கிக் கிக்' என்று கத்தும். 'நான் பெண் இல்லை, விடு' என்று இன்னொரு ஆணிடம் சொல்கிற அதே குரல்தான். அது போய்க்கொண்டிருந்த பக்கமே ஓரமாக விட்டுவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அதுவரை கண்ணைக் கசக்கக் கூடாது. தேரையின் கண்ணுக்குப் பின்னால் புடைத்திருக்கும் சுரப்பிகளில் நஞ்சு உண்டு.

அந்த நஞ்சால் நமக்கு வரும் தொல்லையைவிட நாய்க்கு வருவது பெரிது. என் நாய் ஒருமுறை கவ்விவிட்டது. வாயெல்லாம் நுரை. நான் செய்த முட்டாள்தனம், போனில் தேடிப் பத்து நிமிடத்தை வீணாக்கியது. உடனே செய்ய வேண்டியது இதுதான்: மூக்கைக் கீழ்நோக்கிப் பிடித்து, வாயின் பக்கவாட்டிலிருந்து தண்ணீர் விட்டு அலசுங்கள். தொண்டைப் பக்கம் ஊற்றினால் நஞ்சும் சேர்ந்து உள்ளே போகும். ஈரத்துணியால் ஈறைத் துடைத்து, துணியை அலசி, மறுபடியும் துடையுங்கள். அலசும்போதே இன்னொருவர் கால்நடை மருத்துவருக்குப் போன் செய்யட்டும். தள்ளாடினாலோ வலிப்பு வந்தாலோ நேரே கிளம்புங்கள். 1935இல் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோய் விட்டார்களே, அந்தப் பெரிய கரும்புத் தேரை உள்ள ஊர் என்றால் அறிகுறி தெரியும்வரை காத்திருக்கவே கூடாது.

மறுநாள் காலையில் குட்டையை எட்டிப் பாருங்கள். மணி கோத்த மாதிரி நீள இழையாக முட்டை கிடந்தால் பெரும்பாலும் தேரையுடையது. கொத்தாகக் கிடந்தால் தவளை. வற்றுகிறதே என்று குழாய்த் தண்ணீரை ஊற்றாதீர்கள், குளோரின் ஆகாது. மழைநீர் தேங்கிய தொட்டி இருந்தால், உள்ளே ஒரு கட்டையைச் சாய்த்து வையுங்கள். விழுந்த தேரை ஏறி வந்துவிடும்.